பத்தொன்பது பிள்ளைகளுக்கு இன்னொரு ஊசி

என் அக்கா மகளுக்கு நான்கு மாதம் இருக்கும்போது ஒரே தடுப்பூசியை இரண்டு முறை போட்டார்கள். முதல் முறை போட்டது வீண். அது வீண் என்று வீடு தேடி வந்து சொன்னவரும் அதைப் போட்டவர்தான். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. ஏழு வருஷம் கால்போன போக்கில் சுற்றிவிட்டு வந்தவள் நான். ஒரு நாற்காலியில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரப் பழகுவதற்கே இத்தனை நாள் பிடித்துவிட்டது.

அவர் சுகாதார நிலையத்து நர்ஸ். பெரியவர்களுக்கு நர்ஸம்மா, சிஸ்டர். குழந்தைகளுக்கு ஊசி அத்தை. ஊசி அத்தை வருகிறார் என்றால் சில பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அவரும் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்து, "இங்க யாரும் இல்லையே, சரி போயிடறேன்" என்பார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வரும். அப்புறம் பிடித்துவிடுவார்.

மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி அனுப்பப்பட்டவர். இருபத்து நான்கு வயது. வந்த அன்று தகரப் பெட்டியைத் திறக்கவே இல்லையாம். மூன்று மாதத்துக்காக எதற்கு மடிப்பைக் கலைப்பது என்று, மேலே இருந்த இரண்டு சேலையையே மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறார். இப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. அந்தப் பக்கம் போகிற ஒரே பஸ்ஸின் டிரைவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். "இந்த ரோட்டில் வேறு வண்டியும் இல்லை, வேறு ஆளும் இல்லை" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்.

சுகாதார நிலையம் நான்கு அறைக் கட்டடம். வாசலில் நீள பெஞ்சு, அதன் ஒரு கால் ஆடும். முதல் அறையில் டாக்டர், இரண்டாவதில் பிரசவக் கட்டில், மூன்றாவதில் மருந்து. நான்காவது அறை மிகச் சின்னது. அதில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று மேல்பக்கமாகத் திறக்கிற தடுப்பூசி ஃப்ரிட்ஜ், இன்னொன்று ஐஸ்பேக்குகளை உறைய வைக்கிற ஃப்ரீஸர். தடுப்பூசி மருந்து இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக் கூடாது, எட்டு டிகிரிக்கு மேலேயும் போகக் கூடாது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஊசி அத்தை மூடியைத் திறந்து உள்ளே தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து, சுவரில் மாட்டிய தாளில் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. அவர் மகள் பிறந்த அன்று மட்டும் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள்.

"எனக்குக் காய்ச்சல்னா ஒரு தடவை தொட்டுப் பாப்பா. அந்தப் பொட்டிக்கு ரெண்டு தடவை" என்று அவர் கணவர் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஒரு வருஷம் புயலில் கம்பங்கள் சாய்ந்து ஐந்து நாள் மின்சாரம் இல்லை. எட்டு கிலோமீட்டர் தள்ளி ஜெனரேட்டர் வைத்திருந்த ஐஸ் ஃபேக்டரிக்கு மருந்தையெல்லாம் தூக்கிக்கொண்டு போய், வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளி முதல் நாள் முறைத்தார். இரண்டாம் நாள், "நீங்க இங்கேயே வேலைக்குச் சேந்துடுங்க சிஸ்டர், என் ஆளுங்க யாரும் இப்படி உக்காரமாட்டேங்கறான்" என்றார்.

அக்கா குடும்பம் இருப்பது கல்குவாரிக் குடியிருப்பில். அத்தான் அங்கே இயந்திர மெக்கானிக். சுகாதார நிலையத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர். மாதத்தில் ஒரு புதன்கிழமை ஊசி அத்தை மருந்தோடு அங்கே வருவார். லாரிகளை எடைபோடுகிற மேடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்கேதான் ஊசி.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்தக் குடியிருப்பில் ஒரு கதவும் அவருக்குத் திறக்காது. ஊசி போட்டால் பிள்ளைகளுக்குப் பின்னாளில் வாரிசே இருக்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பதினான்கு மாதம் பெட்டியைத் தூக்கி வந்து, கொட்டகையில் உட்கார்ந்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார். கதவைத் தட்டிச் சண்டை போட்டதில்லை. வருகிறவர்களுக்குத் தலைவலி மாத்திரை கொடுத்தார், காலில் குத்திய கல்சில்லை எடுத்தார். பதினைந்தாவது மாதம் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். அடுத்த மாதம் மூன்று பேர். இந்த வருஷம் அந்தப் புதன்கிழமை பத்தொன்பது பிள்ளைகள். கிளம்பும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை நானே பார்த்தேன். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப் போல இருந்தது.

அன்று மத்தியானம் அவர் நிலையத்துக்குத் திரும்பியபோதுதான் விஷயம் தெரிந்தது.

மருந்தை வெளியே கொண்டுபோக, தோளில் மாட்டுகிற ஒரு கெட்டியான பெட்டி இருக்கிறது. கேரியர் என்பார்கள். அதன் நான்கு பக்கமும் நான்கு ஐஸ்பேக்குகளைச் செருகி, நடுவில் மருந்துக் குப்பிகளை வைக்க வேண்டும். ஆனால் ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே செருகக் கூடாது. மேஜைமேல் வைத்து வேர்க்க விட வேண்டும். எடுத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் வைத்தால், பக்கத்தில் இருக்கும் குப்பி உறைந்துவிடும். இந்த மருந்து சூடுபட்டால் மெல்லக் கெடும், உறைந்தால் ஒரேயடியாகக் கெடும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. போட்டால் கெடுதலும் இல்லை, பலனும் இல்லை.

ஒவ்வொரு ஐஸ்பேக்கையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பது ஊசி அத்தையின் வழக்கம். அன்று காலை நான்கையும் எடுத்து மேஜைமேல் வைத்த கொஞ்ச நேரத்தில், வலி கண்ட ஒரு பெண்ணை டிராக்டரில் ஏற்றி வந்து வாசலில் இறக்கினார்கள். அத்தை பிரசவ அறைக்கு ஓடினார். முக்கால் மணி நேரத்தில் ஆண் குழந்தை. கையைக் கழுவிவிட்டு வந்தபோது, குவாரிக்குக் கூட்டிப்போக வந்த ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மேஜைமேல் நான்கு ஐஸ்பேக். மேலே ஈரம். கடிகாரத்தைப் பார்த்தார், வேர்க்க வேண்டிய நேரம் ஆகியிருந்தது. துடைத்துச் செருகினார். ஆட்டிப் பார்க்கவில்லை.

இடையில் நடந்தது அவருக்குத் தெரியாது. நிலையத்துக் காவலாளி அந்தப் பக்கமாக வந்திருக்கிறார். நல்ல மனுஷர், ஒரு வேலையைப் பார்த்துவிட்டால் செய்யாமல் போகமாட்டார். ஐஸ்பேக்குகள் உருகுவதைப் பார்த்திருக்கிறார். சிஸ்டர் பிரசவத்தில் இருக்கிறாரே, பாவம் என்று, அவற்றை ஃப்ரீஸருக்குள் போட்டுவிட்டு, கல்லுமாதிரி இருந்த வேறு நான்கை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கேரியரைத் திறந்தபோது ஐஸ்பேக்குகளில் முக்கால்வாசி இன்னும் கட்டியாகவே இருந்தது. திறக்காமல் மிச்சமாகி வந்த குப்பி ஒன்று ஐஸ்பேக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் லேபிளின்மேல் வெள்ளையாகப் பனி.

"அண்ணே, இங்க யாராவது வந்தாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான்தான் வந்தேன் சிஸ்டரம்மா. எல்லாம் இளகிப்போயிருந்துச்சு. நல்லதா நாலு மாத்தி வச்சேன். நீங்க அலையக் கூடாதுன்னுதான்" என்று காவலாளி சந்தோஷமாகச் சொன்னாராம்.

மருந்து கெட்டுவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. அதே தொகுப்பில் வந்த வேறொரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து, பிறகு உருகவிட்டு, சந்தேகப்படுகிற குப்பியோடு சேர்த்து ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, இரண்டையும் மேஜைமேல் வைக்க வேண்டும். நல்ல மருந்து வெகுநேரம் கலங்கலாகவே நிற்கும். உறைந்தது சீக்கிரம் அடியில் படிந்து, மேலே தெளிந்துவிடும். மறுநாள் காலை டாக்டரும் அத்தையும் அந்த மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். கால் மணி நேரம் ஆவதற்குள் இரண்டு குப்பியும் ஒரே மாதிரி தெளிந்துவிட்டன.

டாக்டர் சின்ன வயசுக்காரர், வந்து இரண்டு வருஷம். மேலிடத்துக்குப் போன் செய்து கேட்டார். திரும்பப் போட வேண்டும், அதில் ஆபத்தில்லை என்றார்கள். போனை வைத்துவிட்டு அவர் சொன்னது அத்தைக்கு உதவியாகத்தான்.

"சிஸ்டர், கூடுதல் டோஸ் ஒண்ணு வந்திருக்குன்னு சொல்லி எல்லாருக்கும் போட்டுடலாம். கெட்டுப்போச்சுன்னு எதுக்குச் சொல்லணும்? பதினோரு வருஷ உழைப்பு உங்களுது. அந்த ஜனங்க மறுபடி கதவை மூடிட்டா?"

அத்தை அந்தக் குப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அவங்க யாரும் என்ன மருந்துன்னு என்கிட்ட கேக்கறதில்ல சார். நான் சொன்னா பிள்ளைய நீட்டறாங்க. அதனாலதான் சொல்லணும்."

மேலிடத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில் காவலாளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'நான் ஆட்டிப் பார்க்கவில்லை' என்று மட்டும் இருந்தது. காவலாளி அதைக் கேள்விப்பட்டு, "என் பேரையும் போட்டிருக்கலாமே சிஸ்டரம்மா" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் சுற்றினார். "ஐஸ்பேக்க எடுத்து வைக்கறது உங்க வேலையே இல்லண்ணே. ஆட்டிப் பாக்கறது என் வேலை. போய்ச் சாப்பிடுங்க, இல்லன்னா உங்களுக்கும் குளுக்கோஸ் ஏத்தணும்" என்றார் அத்தை.

அந்த வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் குடியிருப்புக்கு வந்து இறங்கினார். முதல் வீடு எங்களுடையது. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அக்கா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"இப்ப இவளுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த ஊசி இருக்குன்னு நம்பிடக் கூடாது. வர்ற புதன்கிழமை மறுபடி போடணும்."

அக்கா வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு, "மத்த வீட்டுக்கெல்லாம் எப்படிப் போவீங்க?" என்றாள்.

"நடந்துதான். பதினேழு வீடு இருக்கு. ஒரு வீட்டுல ரெட்டைப் பிள்ளை."

"இந்த வெயில்லயா?" அக்கா என் பக்கம் திரும்பினாள். "இவளைக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஏழு வருஷம் சுத்தின காலு, வீட்டுல நிக்கமாட்டேங்குது. வண்டியும் ஓட்டுவா."

அப்படித்தான் அத்தானின் ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பதினேழு வாசல்களுக்கும் போனேன். எல்லா இடத்திலும் ஒரே வார்த்தைகளைத்தான் சொன்னார். நான் கொண்டுவந்த மருந்து உறைஞ்சுபோச்சு. பாக்க வேண்டியதை நான் பாக்கல. பிள்ளைக்குக் கெடுதல் இல்ல, ஆனா பலனும் இல்ல. புதன்கிழமை வாங்க.

இரட்டைப் பிள்ளைகளின் அம்மா முதலில் சிரித்துவிட்டாள். "ரெண்டையும் திரும்ப அழவைக்கணுமா? வேண்டாம்னா விடவா போறீங்க. சேந்தாப்புல போட்டுடுங்க, மாத்தி மாத்தி அழுதா தாங்காது." இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தகப்பன் எழுந்து வந்து, கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி படுத்தார். இன்னொருவர் கத்தினார். புகார் கொடுப்பேன் என்றார். "கொடுங்க. அங்க என் பேரைச் சொன்னாப் போதும்" என்று அத்தை தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, புகார் கொடுக்க வேண்டிய அலுவலகத்தின் விலாசத்தையும் போன் நம்பரையும் தெளிவாக எழுதிக் கொடுத்தார். அவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

கடைசியாக ரேடியோ. குடியிருப்பின் ஒரே மளிகைக்கடை அவளுடையது. அங்கே சொல்லப்பட்ட எதுவும் அரை மணி நேரத்தில் கடைசி வீட்டுக்குப் போய்விடும் என்பதால் அந்தப் பெயர். அவள் காதுபடச் சொல்லமாட்டார்கள்.

"என்ன நர்ஸம்மா, இன்னைக்கு உங்க நாள் இல்லையே" என்றாள், சர்க்கரையை எடைபோட்டபடி. மூன்று பெண்கள் சாமான் வாங்க நின்றார்கள்.

அத்தை சொன்னார். மூன்று பெண்களும் கேட்கத்தான் சொன்னார். ரேடியோ நிறுப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப அன்னைக்கு என் பையன் அப்படி அழுதது சும்மாவா?"

"சும்மாதான்."

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரியவா போகுது?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு மெனக்கெட்டு வந்து சொல்றீங்க?"

"கக்குவான் இருமல் வந்தா தெரியும். அன்னைக்குத் தெரிய வேண்டாம்னுதான் இன்னைக்கே சொல்றேன்."

ரேடியோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கட்டினாள். நூலைப் பல்லால் கடித்தாள். "போங்க நர்ஸம்மா. இப்ப உங்ககிட்ட பேச எனக்குப் பிடிக்கல" என்றாள்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டர் சத்தத்துக்கு மேலே அத்தை சொன்னார்: "அவ வாயைத் திறந்தா மிச்ச வீடும் மூடிக்கும்." பஸ் நிறுத்தத்தில் இறங்கி உட்கார்ந்தார். மடியில் இருந்த பதிவேட்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

எத்தனையோ நாடுகளின் வாசலில் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். அட்டையில் முத்திரை விழுந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறேன். ஒவ்வொரு ஊசிக்கும் பின்னால் ஓர் அறையில் ஒருவர் காலையும் மாலையும் மூடியைத் திறந்து பார்த்திருப்பார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நான் காய்ச்சலில்லாமல் திரும்பி வந்ததற்கு அவர்களெல்லாரும் காரணம். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைச் சேர்த்து அன்று பஸ் நிறுத்தத்தில் அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். "வண்டிக்குப் பின் பிரேக் சரியில்ல, அத்தான்கிட்ட சொல்லு" என்றார். பஸ் வந்துவிட்டது.

புதன்கிழமை பத்து மணிக்குக் கொட்டகையில் ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, பஞ்சு, புது மருந்து. ஐஸ்பேக்குகளை அன்று டாக்டரும் ஒரு முறை ஆட்டிப் பார்த்தாராம். அக்காவும் நானும் மட்டும்தான் போயிருந்தோம். அக்கா மகள் வீரிட்டு அழுது முடித்தாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஒரு லாரி எடைமேடையில் ஏறி இறங்கியது. இன்னொன்று. அத்தை பஞ்சைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். பத்தே முக்கால் ஆயிற்று.

இரட்டைப் பிள்ளைகளின் அம்மா இரண்டு இடுப்பிலும் இரண்டு பிள்ளையோடு வந்தாள். பின்னாலேயே நான்கு பேர். அதற்குப் பின்னால், புகார் கொடுப்பேன் என்ற அந்த மனிதர் மனைவியோடு.

"லேட்டாயிடுச்சு சிஸ்டர்" என்றாள் இரட்டையின் அம்மா. "ரேடியோ பிடிச்சு வச்சுக்கிட்டா."

அத்தையின் கை நின்றது. "என்ன சொன்னா?"

"என்ன சொன்னாளா? அஞ்சு நாளா ஒரே பாட்டுதான். உப்பு வாங்கப் போனாலும் அதான், சோப்பு வாங்கப் போனாலும் அதான். அந்தம்மா வாசல் வாசலா ஏறித் தப்பைச் சொல்லிட்டுப் போயிருக்கு, புதன்கிழமை எவளாவது பிள்ளையத் தூக்கிட்டுப் போகலைன்னா என் கடைப்பக்கம் வராதீங்கங்கறா. எங்க போறது, இருக்கறது ஒரே கடை."

அத்தை பஞ்சு உருண்டை ஒன்றை எடுத்தார். முதல் பிள்ளையின் தொடையைத் துடைத்தார். பன்னிரண்டு மணிக்குள் பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் போட்டாயிற்று. கொட்டகை முழுக்க அழுகையும் சமாதானமுமாக இருந்தது. பதிவேட்டில் ஒரு வரிதான் காலியாக இருந்தது.

ரேடியோ கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். கையில் பையன். பின்னால், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நான்கு வயதுப் பெண் குழந்தை. பையனுக்கு ஊசி போட்டு முடிக்கும்வரை அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு பெரியவளை முன்னால் தள்ளினாள்.

"இவளுக்கு இதுவரைக்கும் எதுவுமே போட்டதில்ல. என்னென்ன பாக்கியோ பாத்துப் போட்டுடுங்க."

"இத்தனை நாளா நான் கேட்டப்ப எல்லாம் இவளுக்குப் போட்டாச்சு, டவுன்ல போட்டோம்னியே?"

"சொன்னேன்." ரேடியோ பையனின் மூக்கைத் துடைத்தாள். "நல்லது, நல்லதுன்னே சொன்னீங்க நர்ஸம்மா. கடை வச்சிருக்கறவ நான். எல்லாம் நல்ல சரக்குன்னு சொல்றவன்கிட்ட நான் வாங்கமாட்டேன். மூட்டையில பாதி புழுத்துப்போச்சு, எடுத்துக்காதீங்கன்னு வீடு வரைக்கும் வந்து சொன்ன ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

அத்தை புது அட்டை ஒன்றை எடுத்தார். பெயரை எழுதினார். பிறந்த தேதி கேட்டு எழுதினார். எழுதிய பேனாவை மூடிவிட்டு என்னிடம் தண்ணீர் கேட்டார். நான் கொடுத்த பாட்டிலை வாங்கி, எடைமேடைப் பக்கம் திரும்பி நின்று வெகுநேரம் குடித்தார். திரும்பியபோது முகத்தைத் துடைத்திருந்தார்.

"வயசுக்குத் தக்க மருந்து வேற. அதுவும் பெட்டியில இருக்கு. இன்னைக்கு ஒண்ணு போடறேன். நாலு வாரம் கழிச்சு அடுத்தது. புதன்கிழமைதான்."

"நாலு வாரம்தானே. அன்னைக்கும் கடையைப் பூட்டிட்டு வரேன். நிக்கட்டும் எல்லாரும்."

பெரியவள் மேஜைமேல் இருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் ஒளியவும் அங்கே இடமில்லை.

"வலிக்குமா?" என்று கேட்டாள்.

"வலிக்கும்" என்றார் ஊசி அத்தை.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு இடது கையை நீட்டினாள். வலது கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது.